படகுப் பற்றரிக்கு எந்த மீற்றர்? வோல்ற் பார்ப்பதா, கணக்கு வைப்பதா?

இரவு ஒரு மணி. திருகோணமலை மாவட்டத்தின் இறக்கக்கண்டிக்கு நேரே வெளியே, கரை லைற்றுகள் சின்னப் புள்ளிகளாகத் தெரிகிற தூரத்தில் மாமாவின் படகு மிதந்துகொண்டிருந்தது. வலை போட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. இனி வலையை இழுக்கலாம் என்று மாமா சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜி.பி.எஸ் திரை ஒருமுறை மின்னி அணைந்தது. வி.எச்.எவ் றேடியோவும் அதோடு நின்றது. மாமா மோட்டரின் மேல் மூடியைக் கழற்றி, கயிறு சுற்றி இழுத்து இழுத்து, உள்ளங்கைத் தோல் உரிந்த பிறகுதான் மோட்டர் பிடித்தது. அதற்குள் பெரிய படகொன்று எங்களுக்கு மிக அருகால் தெற்கே போனது. எங்கள் அடையாள லைற் எரியவில்லை. அவர்கள் எங்களைப் பார்த்திருக்க வழியே இல்லை.

அன்று பின்னேரம் வலை போடும் இடத்தில் மோட்டரை நிறுத்தியதும் டாஷ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னவன் நான்: "12.8 நிக்குது மாமா, பற்றரி புல்." மீற்றர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமாவின் படகிலும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தெரிந்த சிலரின் படகுகளிலும் வயரிங் வேலை செய்திருக்கிறேன். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த மீற்றர் வாங்கலாம்? பற்றரி பற்றிப் படகுக்காரருக்குத் தெரியவேண்டியவை மூன்று. இப்போது எவ்வளவு மீதி இருக்கிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது, விடியும்வரை தாங்குமா. சந்தையில் உள்ள ஒவ்வொரு மீற்றரும் இந்த மூன்றில் எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்த்துத்தான் காசைப் போடவேண்டும்.

வோல்ற் மீற்றர் மட்டும்

நாங்கள் வழமையாக வாங்குகிற தண்ணீர் ஊற்றும் 12 வோல்ற் பற்றரி நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 முதல் 12.7 வோல்ற் காட்டும். முக்கால் பங்கு இருந்தால் 12.4, பாதி என்றால் 12.2, கால் பங்கு என்றால் 12.0. நிறைவுக்கும் பாதிக்கும் இடையில் அரை வோல்ற்தான் வித்தியாசம். ஒரு தசமம் மட்டும் காட்டுகிற, அதிலும் 0.1, 0.2 வோல்ற் பிழைக்கிற மலிவு மீற்றரில் அந்த அரை வோல்ற்றின் பெரும்பகுதி தொலைந்துபோய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்த எண்கள் எல்லாம் ஓய்வில் கிடக்கிற பற்றரிக்கு உரியவை. சார்ஜ் ஏறிய கையோடு பார்த்தால், தகடுகளின் மேற்பரப்பில் நிற்கிற சார்ஜ் வோல்ற்றைக் கூட்டிக் காட்டும். பம்பும் லைற்றும் ஓடும்போது பார்த்தால் குறைத்துக் காட்டும். எதுவும் ஏறாமல், எதுவும் இறங்காமல் சில மணி நேரம் கிடந்த பிறகு பார்க்கிற எண்தான் நம்பத்தக்கது. எங்கள் 12.8 வந்தபோது மோட்டர் நின்று ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. கடலுக்குள் இருக்கிற படகில் பற்றரிக்கு ஓய்வு என்பதே கிடையாது.

ஆனாலும் வோல்ற் மீற்றரை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் மோட்டர், ஒரு சின்னப் பற்றரி, ஒரு ஜி.பி.எஸ், இரண்டு எல்.ஈ.டி லைற், இவ்வளவுதான் உள்ள திறந்த வள்ளத்துக்கு இன்றும் என் பதில் அதுதான். காலையில் கரைக்கு வந்ததும் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜரில் போடுகிறார்கள். சார்ஜரை மத்தியானமே கழற்றிவிட்டு, பின்னேரம் கடலுக்குப் போகுமுன் இரண்டு தசமம் காட்டுகிற மல்ரிமீற்றரால் பார்த்தால் போதும். ஒவ்வொரு நாளும் 12.65 காட்டிய பற்றரி ஒரு கிழமையாக 12.45இல் நிற்கிறது என்றால் அது கிழடாகிவிட்டது என்று விளங்கும். அந்த வள்ளத்துக்கு அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. மிஞ்சும் காசுக்கு நல்ல லைவ் ஜாக்கெற் வாங்கலாம்.

லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி வைத்திருப்பவருக்கு மட்டும் இந்த வழி உதவாது. அதன் வோல்ற் முக்கால் பங்கு இருக்கும்போதும் கால் பங்கை நெருங்கும்போதும் 13இலிருந்து 13.3க்குள்ளேயே தட்டையாக நிற்கும். கடைசியில் திடீரென்று விழும்.

வோல்ற்றை மட்டும் தொடர்ந்து கவனித்து, பற்றரியின் நடத்தையிலிருந்து மீதியைச் சதவீதமாகக் கணிக்கிற சாதனமும் உண்டு. ஸ்மார்ட்கேஜ் அப்படிப்பட்டது. பற்றரிக்கு இரண்டு மெல்லிய வயர் கொடுத்தால் வேலை முடிந்தது, தடித்த கேபிளில் கையே வைக்கவேண்டியதில்லை. பழைய படகில் மைனஸ் வயர்கள் சிக்கெடுக்க முடியாதபடி இருந்தால் இது நல்ல வழி. ஆனால் எத்தனை அம்பியர் போகிறது என்று அது காட்டாது, லிதியத்துக்கும் உதவாது. எனக்கு அம்பியர் பார்க்காமல் இருக்க முடியாது. எந்த லைற் எவ்வளவு தின்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மாமாவே பழைய 25 வோற் பல்பைக் கழற்றி எறிந்தார். அது ஒன்றே 2 அம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது.

கணக்கு வைக்கிற மீற்றர்

பற்றரி மொனிற்றர் என்று இப்போது பெரும்பாலும் விற்கப்படுவது இந்த வகை. பற்றரியின் மைனஸ் முனைக்கும் படகின் மற்ற எல்லா மைனஸ் வயர்களுக்கும் நடுவில் சண்ட் என்கிற அளந்து செய்த உலோகத் துண்டு ஒன்று இருக்கும். அதன் தடை மிகமிகச் சிறியது, ஆனால் துல்லியமாகத் தெரிந்தது. 500 அம்பியர் போனால் 50 மில்லிவோல்ற் விழும் என்று செய்யப்பட்ட சண்ட்டில் 5 அம்பியர் போனால் அரை மில்லிவோல்ற் விழும். அந்தச் சின்ன வோல்ற்றை அளந்து, எத்தனை அம்பியர் எத்தனை நேரம் வெளியே போனது, எத்தனை உள்ளே வந்தது என்று மொனிற்றர் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். ஸ்ரோர் வாசலில் கொப்பியோடு இருக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி என்று மாமாவுக்குச் சொன்னேன். உள்ளே எத்தனை மூட்டை இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. வாசலால் போனதையும் வந்ததையும் எழுதுகிறார்.

இது விளங்கினால் மீதி எல்லாம் விளங்கும். கணக்கப்பிள்ளை சரியாகச் சொல்ல மூன்று விஷயம் வேண்டும். தொடங்கும்போது ஸ்ரோரில் எவ்வளவு இருந்தது என்று அவருக்குச் சரியாகச் சொல்லியிருக்கவேண்டும். பின்வாசல் எதுவும் இருக்கக்கூடாது. இடைக்கிடை ஸ்ரோர் முழுதாக நிரம்பி, கணக்கைப் புதிதாகத் தொடங்க வாய்ப்புக் கிடைக்கவேண்டும். மலிவு மீற்றரா, விலை கூடியதா என்று யோசிக்கிற எவரும் முதலில் இந்த மூன்றையும் தன் படகில் செய்யமுடியுமா என்று பார்க்கவேண்டும். செய்யமுடியாவிட்டால் எந்த விலையில் வாங்கினாலும் பிழையான எண்தான் வரும்.

சரி, மலிவா, விலை கூடியதா?

ஒரு பக்கம் ஜங்டெக் போன்ற சீனத் தயாரிப்புகள். 50, 100, 200, 500 அம்பியர் என்று பல அளவில் சண்ட்டோடு வருகின்றன. மறுபக்கம் விக்ட்ரோன் நிறுவனத்தின் பி.எம்.வி-712, ஸ்மார்ட்சண்ட் போன்றவை. விலை பல மடங்கு கூட. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த வித்தியாசம் நம்மவர் கையை இன்னும் கடிக்கிறது. ஆகவே அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

பலர் முதலில் சொல்கிற காரணம் பியூக்கெற் கணக்கு. வில்ஹெல்ம் பியூக்கெற் என்ற ஜெர்மானியர் 1897இல் சொன்ன விஷயம் அது: ஈய-அமிலப் பற்றரியிலிருந்து வேகமாக எடுத்தால் மொத்தமாகக் கிடைப்பது குறையும். 100 அம்பியர்-மணி என்று பற்றரியில் எழுதியிருப்பது 5 அம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கிற அளவு. இந்தக் குறைவின் அளவைச் சொல்கிற பியூக்கெற் எண் 1.25 உள்ள பற்றரியில் 20 அம்பியர் வீதம் எடுத்தால் 5 மணி நேரம் வராது, மூன்றரை மணி நேரம்தான் வரும். கையில் கிடைப்பது ஏறத்தாழ 70 அம்பியர்-மணி. விலை கூடிய மொனிற்றர்கள் இதைக் கணக்கில் சேர்க்கும், மலிவானவை பெரும்பாலும் சேர்க்காது.

ஆனால் நம் சின்னப் படகில் இது எவ்வளவு முக்கியம்? மாமாவின் படகில் ஜி.பி.எஸ்ஸும் மீன் பார்க்கும் திரையும் சேர்ந்து 1.2 அம்பியர், றேடியோ காத்திருக்கும்போது 0.4, அடையாள லைற் 0.3, வேலை லைற் 2. எல்லாம் சேர்ந்து 4 அம்பியர்கூட வரவில்லை. 20 மணி நேர வீதத்துக்குள்ளேயே நிற்கிறது. றேடியோவில் கதைக்கும்போது ஐந்தாறு அம்பியர் ஏறும், அதுவும் சில விநாடிகள். இன்வேட்டரோ மின் மோட்டரோ இல்லாத படகில் பியூக்கெற்றுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் முடிவு.

உண்மையான வித்தியாசம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, பூச்சியம். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் மீற்றர் 0.1 அம்பியர் போகிறது என்று பிழையாக எண்ணினால், ஒரு கிழமையில் 16.8 அம்பியர்-மணி இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றிவிடும். 500 அம்பியர் சண்ட்டில் 0.1 அம்பியருக்கு விழுவது 10 மைக்ரோவோல்ற்தான். அதைச் சரியாகப் பிடிக்க நல்ல மின்னணு வேலைப்பாடு வேண்டும். அங்கேதான் மலிவு மீற்றர் சறுக்குகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. 500க்குப் பதிலாக 100 அம்பியர், 75 மில்லிவோல்ற் சண்ட் உள்ள மலிவு மீற்றரை எடுத்தால் அதே 0.1 அம்பியருக்கு 75 மைக்ரோவோல்ற் விழும், சின்னச் சுமைகள் நன்றாகத் தெரியும். ஆனால் மோட்டர் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் இழுக்கிற அம்பியர் அந்தச் சண்ட்டால் போகக்கூடாது. ஸ்டார்ட்டுக்கு ஒரு பற்றரி, லைற் சாமான்களுக்கு இன்னொன்று என்று பிரித்திருந்தால் பிரச்சினை இல்லை. அவசரத்துக்கு இரண்டையும் சேர்க்கிற சுவிச் வைத்திருந்தால் 500க்குப் போங்கள். அந்த அவசர நேரத்தில் முழு ஸ்டார்ட் மின்னோட்டமும் சண்ட்டால்தான் போகும்.

இரண்டாவது வித்தியாசம், பற்றரி நிறைந்துவிட்டது என்று மீற்றர் எப்படி அறிகிறது என்பது. நல்லவை இரண்டு நிபந்தனையைச் சேர்த்துப் பார்க்கும்: வோல்ற் ஒரு எல்லைக்கு மேல் இருக்கவேண்டும், ஏறுகிற அம்பியர் ஒரு எல்லைக்குக் கீழே குறைந்திருக்கவேண்டும். இரண்டும் குறித்த நேரம் தொடர்ந்தால் 100 சதவீதம் என்று கணக்கைப் புதிதாகத் தொடங்கும். மலிவானவை பலவற்றில் நீங்களே பொத்தானை அழுத்தவேண்டும். கரையில் சார்ஜரில் போடுகிறவருக்கு அது சிரமமே இல்லை. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். சோலார் பனலை நம்பியிருக்கிற படகில்தான் தானாகத் தொடங்குகிற வசதி அவசியமாகிறது.

அப்புறம் உப்பு. மலிவு மீற்றரின் திரையும் சண்ட் மேலுள்ள மின்சுற்றுத் தகடும் பெரும்பாலும் வீட்டுச் சோலாருக்காகச் செய்தவை. கச்சான் காற்றுக் காலத்தில் உள்துறைமுகத்துக்குள் ஓடுகிற படகில் அது நெடுங்காலம் இருக்கும். புறாத்தீவைச் சுற்றி அலை தெறிக்கத் தெறிக்க ஓடுகிற படகில் அதே சாமான் சீக்கிரமே பச்சை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். விலை கூடியதும் கவனம் இல்லாமல் வைத்தால் பச்சை பிடிக்கும்தான், ஆனால் ஸ்மார்ட்சண்ட்டில் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 வகை ஒன்றும் கிடைக்கிறது. திறந்த படகுக்கு அதைத்தான் பார்க்கவேண்டும்.

கேபிளைச் சுற்றி வளையம் போட்டு அளக்கிற வகையும் உண்டு. வயரை வெட்டவேண்டாம் என்பதால் பலருக்கு அதில் ஆசை. வெப்பம் மாற மாற அதன் பூச்சியம் நகரும், பக்கத்தில் காந்தம் இருந்தாலும் நகரும். மத்தியான வெயிலில் காய்ந்து இரவில் குளிர்கிற படகுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

திரையா, போனா?

பி.எம்.வி-712இல் வட்டத் திரை உண்டு. டாஷ்போர்ட்டில் 52 மில்லிமீற்றர் ஓட்டை போட்டுப் பூட்டவேண்டும். புளூடூத்தும் சேர்ந்தே வருகிறது. ஸ்மார்ட்சண்ட்டில் திரை இல்லை, எல்லாம் போனில்தான். அளக்கிற திறமை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, ஸ்மார்ட்சண்ட் விலை குறைவு. ஓட்டை போடத் தேவையில்லாததால் தண்ணீர் புக ஒரு வழியும் குறைகிறது.

காகிதத்தில் பார்த்தால் ஸ்மார்ட்சண்ட் வெல்கிறது. நான் மாமாவுக்குத் திரை உள்ளதைத்தான் வாங்கினேன். காரணம், சுக்கானில் இருக்கிறவர் அவர், நான் இல்லை. மீன் செதிலும் உப்புத் தண்ணீருமான கையோடு, இரவில், ஆடுகிற படகில் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, இணைப்பு வரும்வரை காத்திருக்க அவர் தயாரில்லை. திரை எப்போதும் கண்முன்னே இருந்தால் ஒரு பார்வை போதும். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப் போகிற படகுகளில் இளம் பையன்கள்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் போன் எப்போதும் இருக்கும், தண்ணீர் புகாத உறையும் இருக்கும். அவர்களுக்கு ஸ்மார்ட்சண்ட் நன்றாகப் பொருந்துகிறது. படகில் யார் பார்க்கப்போகிறார் என்பதை வைத்துத்தான் இதை முடிவெடுக்கவேண்டும்.

லிதியம் பற்றரிக்குள்ளேயே புளூடூத் இருக்கிறதே, தனி மொனிற்றர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளே இருக்கிற பி.எம்.எஸ் என்கிற பற்றரி மேலாண்மைச் சுற்றின் முதல் வேலை செல்களைப் பாதுகாப்பது. சின்ன அம்பியர்களை அது பல வேளைகளில் எண்ணாமல் விட்டுவிடும். நாள் முழுக்க அரை அம்பியர் எடுக்கிற றேடியோவும் ஜி.பி.எஸ்ஸும் உள்ள படகில் அந்த விடுபடல் சேர்ந்துகொண்டே போகும். வோல்ற் பார்த்தும் பிழையைப் பிடிக்க முடியாது என்பதால், லிதியத்துக்கு நல்ல சண்ட் ஈயப் பற்றரியைவிட அதிகம் தேவைப்படுகிறது.

பூட்டும்போது

இங்கேதான் நான் பெரிய பாடம் படித்தேன். மொனிற்றரைப் பூட்டி இரண்டு மாதம் இருக்கும், வாடை மழைக்காலம் தொடங்கிவிட்டது. இரண்டு இரவு விடாமல் மழை. காலையில் மாமா கூப்பிட்டார்: "தம்பி, உன்ர மெசின் 91 எண்டு காட்டுது. பம்ப் ஓடுதில்லை. படகுக்குள்ள முழங்கால் தண்ணி." ஓடிப்போய்ப் பார்த்தால் 91 சதவீதம்தான். ஆனால் அதே திரையில் வோல்ற்றுக்கு மாற்றிப் பார்த்தபோது 10.9.

தண்ணீர் இறைக்கிற பம்பின் மைனஸ் வயர் நேரே பற்றரி முனையில் பூட்டியிருந்தது. பழைய வயரிங், நான் கவனிக்கவில்லை. பம்ப் இரவு முழுக்க ஓடி 3 அம்பியருக்கு மேல் எடுத்திருக்கிறது. அதில் ஒரு துளிகூடச் சண்ட்டால் போகவில்லை. கணக்கப்பிள்ளை முன்வாசலில் இருக்க, பின்வாசலால் ஸ்ரோர் காலியாகிவிட்டது.

ஆகவே சண்ட்டின் ஒரு பக்கத்துக்குப் பற்றரி மைனஸ் மட்டும், லோட் பக்கம் என்கிற மறுபக்கத்துக்கு மற்ற எல்லாம். பற்றரியின் மைனஸ் முனையில் ஒரே ஒரு கேபிள்தான் இருக்கவேண்டும். பூட்டி முடித்த பிறகு அதைக் கண்ணால் பார்த்து எண்ணுங்கள், ஒன்றுக்கு மேல் இருந்தால் பிழை. பம்பின் பிளஸ் வயரை மட்டும் பெரிய சுவிச்சுக்குப் போகவிடாமல் தனிப் பியூஸோடு நேரே பற்றரியில் வைத்திருங்கள். ஆளில்லாத நேரத்திலும் அது ஓடவேண்டும். சோலார் கன்ட்ரோலரின் மைனஸும் சண்ட்டின் லோட் பக்கம்தான் வரவேண்டும், இல்லாவிட்டால் ஏறுவது கணக்கில் வராது. இரண்டு பற்றரி இருந்தால் சண்ட் லைற் பற்றரிக்கு. ஸ்டார்ட் பற்றரியின் மைனஸ் லோட் பக்கத்தோடு சேரும்.

மொனிற்றருக்குப் போகிற மெல்லிய சிவப்பு வயருக்குப் பற்றரிப் பக்கத்திலேயே சின்னப் பியூஸ் வேண்டும். விக்ட்ரோனில் 1 அம்பியர் பியூஸ் வயரோடே வருகிறது. மலிவானவற்றில் நீங்களே போடவேண்டியிருக்கும். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் கிடைத்தால் அதையே பாவியுங்கள், வெறும் செம்பு உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். நட்டை நன்றாக இறுக்கிய பிறகு வசிலின் பூசலாம். இறுக்குவதற்கு முன்பு தொடுகிற முகங்களில் பூசவேண்டாம். சண்ட்டைப் படகின் அடியில், தண்ணீர் தேங்குகிற பக்கம் வைக்கவே கூடாது.

ஸ்டார்ட் பற்றரியின் வோல்ற், வெப்பநிலை, தொடராக இணைத்த பற்றரிகளின் நடு வோல்ற், இவற்றில் ஒன்றைக் காட்டப் பி.எம்.வி-712இல் ஒரு மேலதிக வயர் உண்டு. குளிர் நாட்டுக்காரர் அதை வெப்பநிலைக்குக் கொடுப்பார்கள். திருகோணமலையில் ஆண்டு முழுக்க வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. தயங்காமல் ஸ்டார்ட் பற்றரிக்குக் கொடுங்கள்.

எண்களைச் சொல்லிக்கொடுத்தல்

பெட்டியிலிருந்து வரும்போது பி.எம்.வியில் 200 அம்பியர்-மணி என்றிருக்கும். அதை மாற்றாமல் 100 அம்பியர்-மணிப் பற்றரியில் ஓடவிட்டால், பற்றரி செத்துக் கிடக்கும்போது திரை 50 சதவீதம் என்று காட்டும். பற்றரியில் எழுதியிருப்பதையும் அப்படியே போடவேண்டாம். நாலு வருடப் பற்றரியில் அவ்வளவு இருக்காது. நான் செய்கிற சோதனை இது: முழுதாகச் சார்ஜ் போட்டு, வாகன முன்லைற்றின் 55 வோற் பல்ப் ஒன்றைப் பூட்டி விடுவேன். அது ஏறத்தாழ நாலரை அம்பியர் எடுக்கும். வோல்ற் 10.5க்கு இறங்கியதும் நிறுத்தி, மொனிற்றர் எண்ணிய அம்பியர்-மணியைப் பார்த்து அதையே அளவாகப் போடுவேன். உடனே திரும்பச் சார்ஜில் போட்டுவிடவேண்டும். இப்படி அடிமட்டம்வரை இறக்குவது பற்றரிக்கு நல்லதல்ல, ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, வாடை முடிந்து தொழில் தொடங்குமுன் மட்டும். மாமாவின் பற்றரி 100க்கு 81 காட்டியது.

நிறைந்த வோல்ற் என்ற இடத்தில் பி.எம்.வியில் 13.2 போட்டிருக்கும், சார்ஜ் முடிகிற கட்டத்தில் ஏறுகிற அம்பியரின் எல்லை பற்றரி அளவில் 4 சதவீதம், நேரம் 3 நிமிடம். சோலார் உள்ள படகில் இப்படியே விட்டால் ஒரு சிக்கல் வரும். 13.6இல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது முகில் ஒன்று மறைத்தால் அம்பியர் குறையும். பற்றரி நிறைந்துவிட்டது என்று மொனிற்றர் நினைத்து, பாதியில் இருக்கிற பற்றரியை 100 ஆக்கிவிடும். சார்ஜர் 14.4வரை ஏற்றுமானால் இந்த எண்ணை 14.2 ஆகவும், நேரத்தைப் பத்து நிமிடமாகவும் வைக்கிறேன். லிதியத்துக்குப் பியூக்கெற் 1.05, சார்ஜ் திறன், அதாவது ஏற்றியதில் திரும்பக் கிடைக்கிற பங்கு, 99 சதவீதம்.

மொனிற்றர் பார்க்கமுடியாத ஒன்றும் இருக்கிறது. வாடைக்குப் படகைக் கரையில் ஏற்றிவிட்டால் பற்றரி தானாகவே உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் கூடக் கூட வேகமாக. அது வயரால் போகாததால் சண்ட்டுக்குத் தெரியாது. திரை 100 என்றே சொல்லும். மீற்றரும் தன் பங்கை எடுக்கும். 1 மில்லிஅம்பியர் எடுக்கிற மீற்றர் 60 நாளில் ஒன்றரை அம்பியர்-மணிதான் தின்னும். பின்வெளிச்சம் அணையாமல் 15 மில்லிஅம்பியர் எடுத்தால் 21.6. மலிவு மீற்றர் வாங்குகிறவர் வாடைக்கு முன் அதன் வயரைக் கழற்றி வைப்பது நல்லது.

யாருக்கு எது

ஒரு பற்றரித் திறந்த வள்ளத்துக்கு மல்ரிமீற்றர். இரண்டு பற்றரி, கரையில் சார்ஜ், காசு இறுக்கம் என்றால் 100 அம்பியர் சண்ட் உள்ள மலிவு மீற்றரைத் துணிந்து வாங்கலாம், ஆனால் திரையை மூடிய இடத்தில் வைத்து, கிழமைக்கு ஒருமுறை முழுதாக நிரப்பிப் பொத்தானை அழுத்தவேண்டும். சரியாகப் பூட்டிய மலிவு மீற்றர், பின்வாசல் விட்டுப் பூட்டிய விலை கூடியதைவிட நல்லது. அதை எங்கள் படகிலேயே பார்த்துவிட்டேன். சோலாரோ லிதியமோ இருந்தால், அல்லது ஆட்களை ஏற்றி வெளிக்கடலுக்குப் போகிற படகென்றால், விலை கூடியதற்குப் போங்கள். அவர்கள் கரைக்கு வரும்வரை அவசர அழைப்புக்கான பதினாறாம் சனலில் றேடியோ உயிரோடு இருக்கவேண்டும்.

மாமா சதவீதத்தைப் பார்ப்பதில்லை. திரையைக் கழிந்த அம்பியர்-மணியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். 81இல் பாதி என்று கணக்குப் பார்த்து, திரைக்குப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் "-40" என்று எழுதியிருக்கிறார். போன கிழமை குச்சவெளிக்கு வெளியே விடியும்போது -29இல் நின்றது. சாவியைத் திருப்பியதும் மோட்டர் பிடித்தது.